இடது பெடல்

கண் போனவளுக்குக் கோபம் வரக்கூடாது என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. சில மாதங்களாக எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக. காது எனக்கு நன்றாகவே கேட்கிறது. இத்தனை வருஷமும் அந்தக் காதை வைத்துத்தான் சாப்பிட்டேன்.

ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிப்பது என் தொழில். நீதிமன்றங்களிலும் விசாரணைக் கமிஷன்களிலும் ஜனங்கள் பேசுவதைப் பதிவுசெய்து எங்கள் ஏஜென்சிக்கு அனுப்புவார்கள். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். அந்தப் பெடலுக்கு இரண்டு பக்கம் உண்டு. வலது பக்கத்தை அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். இடது பக்கத்தை அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னதையே திரும்பச் சொல்லும். சாட்சி சொன்னது சொன்னபடி காகிதத்தில் இருக்க வேண்டும். அழுதால் அடைப்புக்குறிக்குள் ‘அழுகிறார்’. ஒரு மூச்சுக்கு மேல் பேசாமல் இருந்தால் ‘மௌனம்’. ஒரு மௌனத்தை விட்டுவிட்டாலும் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டிவிடுவார் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லி பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி வாடிவிட்டது என்றார் கண் டாக்டர். ஓரங்கள் இருக்கும், நடு திரும்ப வராது. “முழுசா இருட்டாகாது, கவலைப்படாதீங்க” என்று ஆறுதல் வேறு சொன்னார். நான் எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் எனக்குத் தெரியாது. கதவைப் பார்த்தால் கதவைச் சுற்றியிருக்கும் சுவர் தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்தால் அவள் தோடு தெரியும். தெருவில் நடந்துவிடலாம், பாத்திரம் கழுவிவிடலாம், அடுப்புகூடப் பற்றவைத்துவிடலாம். ஒரு வார்த்தையைப் படிக்க முடியாது.

டைப் அடிக்கக் கண் வேண்டாம், விரலுக்கு வழி தெரியும். அடித்ததைத் திருத்தத்தான் கண் வேண்டும். மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்த அம்புக்குறியைத் தேடுவேன். அது நான் பார்க்கிற இடத்திலேயே இருக்கும், அதனாலேயே தெரியாது. தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பிடித்து, ஒரு எழுத்தின் மேல் கொண்டுபோய் வைப்பதற்குள் கழுத்து விட்டுப்போகும். வைத்த இடம் பக்கத்து வரியாக இருக்கும்.

ஏஜென்சி மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நிதானம்’. “நிதானமா பண்ணுங்க, சாயங்காலத்துக்குள்ள குடுங்க” என்பார். அவர்தான் கூப்பிட்டார்.

“மேடம், நீங்க குடுத்த ரெண்டு ஃபைலும் திரும்பி வந்துடுச்சு. பிழையெல்லாம் அப்படியே இருக்கு. நான் எவ்வளவு நாள் மூடி மறைக்கறது? ஒரு பாய்லர் வெடிச்ச விசாரணை வந்திருக்கு. முதல்ல ஒரே ஒரு சாட்சி அனுப்பறேன். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்களே திருத்தி, சுத்தமா குடுங்க. குடுத்துட்டா தொடர்ந்து பாக்கலாம். இல்லேன்னா எனக்கும் மேல ஆள் இருக்காங்க மேடம்.”

வேலை இருந்தால் என் வீடு. வேலை போனால் அக்கா வீட்டுப் பின்னறை. நான் தனிக்கட்டை. கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நிற்கவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு வந்த வீடு இது. ஒரு அறை, ஒரு சமையலறை, உள்ளேயிருந்து தாழ்போட்டுக்கொள்ள ஒரு கதவு. சாவி என் கைப்பையில் இருக்கிறது. வேறு யாரிடமும் இன்னொரு சாவி கிடையாது. அக்காவோ டாக்டர் சொன்ன மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். “பின்னாடி ரூமை ஒழிச்சு வெச்சுட்டேன்டி. ஜன்னல்கூட இருக்கு.” ஜன்னல் இருக்கிறதாம். ஜெயிலிலும்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் அக்காவின் மகள் மூக்கை நுழைத்தாள். வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை. கைக்குழந்தையாக இருந்தபோது நான் வைத்த ‘வாலு’ என்ற பெயர் இன்னும் அவளை விடவில்லை.

“சித்தி, உங்களுக்கு மவுஸே வேணாம். நான் டைப் அடிக்கற எடிட்டர் சாஃப்ட்வேர்ல எல்லாமே கீபோர்டுதான். எங்க போகணும்னு சொன்னா அதுவே போயிடும்.”

“எப்படிச் சொல்றது? வாயாலயா?”

“விரலால சித்தி.”

அங்கே இருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அதை வைத்துக்கொடுத்தாள். வரிகளை எனக்குப் படித்துக்காட்ட ஒரு இயந்திரக் குரலையும் வைத்தாள். சளி பிடித்த வாத்தியார் மாதிரி ஒரு குரல். பிறகு போனில் பாடம் நடத்தினாள். இந்த எடிட்டரில் இரண்டு மோட் இருக்கிறதாம், எழுதுகிற மோட், கட்டளை மோட். எழுதுகிற மோடில் எழுத்து எழுத்தாக விழும். கட்டளை மோடில் அதே விசை ஏவலாக மாறிவிடும். ஆங்கில எழுத்து ‘டி’யை இரண்டு தடவை தட்டினால் முழு வரியும் போய்விடும். ‘யு’ தட்டினால் போனது திரும்ப வரும். ஒரு சாய்கோடு போட்டு வார்த்தையைத் தட்டினால் அந்த வார்த்தை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். ‘என்’ தட்டினால் அதே வார்த்தை அடுத்து வரும் இடத்துக்கு.

“எழுத உக்காந்தவ, எழுதப்போறேன்னு முதல்ல அனுமதி வாங்கணுமா? யாருடி இதைக் கண்டுபிடிச்சது?”

“உலகம் பூரா நிறைய பேருக்கு ரொம்ப பிடிச்ச எடிட்டர் சித்தி.”

“பிடிச்சவங்களையெல்லாம் பிடிச்சு ஆஸ்பத்திரியில சேக்கணும்.”

முதல் நாள் அதை மூடத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தேன். அடுத்த நாள் இன்னொரு வம்பு. தமிழ் விசைப்பலகை போட்டிருந்தால் கட்டளை ஏறவில்லை. ‘டி’ இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்து வந்து நிற்கிறது, அதை வைத்துக்கொண்டு அந்த எடிட்டர் என்னதான் செய்யும்? வாலு அதையும் சரிபண்ணினாள். எழுதும்போதும் சாய்கோடு போட்டுத் தேடும்போதும் தமிழ், மற்ற கட்டளைகளுக்குத் தானாகவே ஆங்கிலம். சரி, இப்போது நான் எந்த மோடில் இருக்கிறேன்? அது திரையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்குமாம். எனக்குப் பொடி எழுத்தும் ஒன்றுதான், போஸ்டர் எழுத்தும் ஒன்றுதான். எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பத்தியை அடிப்பேன். அத்தனையும் ஏவலாகப் போய், அது ஏவியபடியெல்லாம் ஆடி, முன்பு அடித்த பத்தியையும் சேர்த்து விழுங்கி வைத்திருக்கும்.

சாட்சியின் பதிவில் கைவைக்கவே பயமாக இருந்தது. பழகுவதற்கு வேறு குரல் வேண்டும். அக்காவின் வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தன. அக்காவுக்குப் போனில் டைப் அடிக்க வராது. வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போவாள், நானும் பாதிக்கு மேல் கேட்காமலே விட்டுவிடுவேன். அவற்றையெல்லாம் எடுத்து வரிசையாக டைப் அடித்துப் பழகினேன். தொழில் பழக்கத்தில் அவள் நிறுத்திய இடங்களில் ‘மௌனம்’ என்றும் போட்டுக்கொண்டு போனேன். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. டைப் அடிக்கும்போது அர்த்தம் மனதில் ஏறாது. காதில் நுழைந்து விரல் வழியாக இறங்கிவிடும். அர்த்தத்தைக் கேட்க ஆரம்பித்தால் பாதி வழக்குகளுக்கு டைப் அடிக்கவே முடியாது.

அப்படியும் மோட் குழப்பம் தீரவில்லை. புதன்கிழமை நான் போனில் கத்திய கத்தலில் வாலுவுக்கு ஒரு யோசனை பிறந்தது.

“சித்தி, உங்க பெடல் இருக்கே! அதுலயே மோடையும் கட்டிவிட்டுடறேன். கால் கீழ இருந்தா குரல் ஓடும், எழுதுற மோட். காலை எடுத்தா குரல் நிக்கும், கட்டளை மோட். கண்ணால பாக்கவே வேணாம், எந்த மோடுன்னு உங்க காலுக்கே தெரியும்.”

கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுவல்லவா மூளை! இவளைப் பெற்றதற்காகவாவது அக்காவை மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கே தைரியமாக சாட்சியின் பதிவைத் திறந்தேன்.

பாய்லர் வெடித்துச் செத்துப்போன ஒரு ஃபிட்டரின் மனைவி பேசினாள். அவசரமே இல்லாத குரல். “அன்னைக்குக் காலையில அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு, மறுபடியும் கழட்டினார். ஏன்னு நான் கேக்கல.” மௌனம். “பாய்லர்ல சத்தம் வருதுன்னு அதுக்கு முன்னாடியே சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருந்தார்.” நான் அடித்துக்கொண்டே போனேன். விரல் ஓடியது, கால் ஓடியது, பழைய நாட்கள் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் ஆனதும் இயந்திரக் குரலைப் படிக்கச் சொன்னேன்.

“அன்னைக்குக் காலையில அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு பாய்லர்ல சத்தம்” என்றது வாத்தியார் குரல். பிறகு, “சூப்பர்வைசர் கழட்டினார்.”

திரும்பப் படிக்கச் சொன்னேன். வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசி வார்த்தைகளைக் காணோம். சில வரிகள் அடியோடு இல்லை. சில வரிகள் ஒன்றின் தலையில் இன்னொன்று ஏறிக்கொண்டு, அவள் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. ‘ஏன்னு நான் கேக்கல’ என்று அவள் சொன்னது எங்குமே இல்லை. நான் அடித்தேன். சத்தியமாக அடித்தேன், விரலில் இன்னும் அந்த எழுத்துகளின் வரிசை இருந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். மெதுவாக, காலைக் கவனித்து, அழுத்தும்போது எழுத்து, எடுக்கும்போது கட்டளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். மூன்று வரிகள் சரியாக வந்தன. நாலாவது வரியில் அவள் குரல் தழுதழுத்தது, நான் என்னை மறந்தேன், மறுபடியும் அதே கதை. திரும்ப அடித்தேன். திரும்பப் போனது. வியாழக்கிழமை விடிந்தும் அதேதான். பிழை எங்கே என்று தெரிந்தால் திருத்தலாம். எனக்குத் தெரிந்தவரை நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறேன், அப்படியிருந்தும் வார்த்தைகள் போகின்றன. அப்படியானால் என்ன அர்த்தம்? கண்ணோடு நிற்கவில்லை, புத்தியும் சேர்ந்து போகிறது என்றுதான் அர்த்தம். அடிக்காததை அடித்ததாக நினைத்துக்கொள்கிறேன். வாலுவைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட வாய் வரவில்லை. சொன்னால் அவள் அம்மாவிடம் சொல்வாள். பின்னறைக்குப் பதில் வேறு ஏதாவது அறைக்கு என்னை அனுப்புவார்கள்.

விசைப்பலகையை இரண்டு கையாலும் குத்தினேன். அது என்னென்ன ஏவலாகப் போயிற்றோ, வாத்தியார் குரல் விடாமல் எதையெதையோ வாசித்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு மேஜையில் தலையை வைத்து அழுதேன். அடைப்புக்குறி போடத்தான் ஆளில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா வந்திருந்தாள். கையில் மடித்த அட்டைப்பெட்டிகள், ஒரு கட்டுப் பழைய பேப்பர்.

“சனிக்கிழமைக்கு வேன் சொல்லிட்டேன்டி. கண்ணாடிச் சாமானையாவது இன்னைக்கே சுத்தி வெச்சுடலாம்னு வந்தேன்.”

“யாரைக் கேட்டு சொன்ன?”

“யாரைக் கேக்கணும்? உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாரு.”

“பாக்க முடிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்!”

இதைக் கேட்டதும் அவள் வாயடைத்துப்போவாள் என்று நினைத்தேன். அவள் நேரே சமையலறைக்குப் போய்த் தட்டுகளையும் டம்ளர்களையும் அள்ளிக்கொண்டு வந்தாள். என் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை முடியும் முன்பே என்னைக் கட்டி மூட்டையாக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து வெளியே தள்ளத் தெம்பு இல்லை. தள்ளினாலும் நகரமாட்டாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, மறுபடியும் முதல் வரியிலிருந்து அடித்தேன். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே வேகமாக அடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் முழங்காலில் தட்டினாள். ஒரு காதைத் திறந்தேன்.

“ஏன்டி, காலை எடுத்துட்டு அப்புறம் என்னத்தைத் தட்டற?”

“என்ன?”

“கத்தாத. தெரியாமதான் கேக்கறேன்.”

“கத்தல. நீ சொன்னதைத் திரும்பச் சொல்லு.”

“கீழ உக்காந்திருக்கேன், உன் கால்தானே தெரியுது. கால் அழுத்தியிருக்கும்போது கொஞ்சமா தட்டற. சட்டுனு காலை எடுத்துடற. எடுத்துட்டு டடடடன்னு தட்டற. மறுபடியும் அழுத்தற. எடுத்தப்புறம்தான் நிறைய தட்டற. அப்ப பெடலு எதுக்குன்னு கேட்டேன்.”

வலது பெடலை அழுத்தி ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு, என் காலையே காது கொடுத்துக் கேட்டேன். பெடல் எழும் ‘டக்’, அதற்குப் பிறகு விசைகளின் சத்தம்.

இதை யாருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? குரல் முன்னால் ஓடும், விரல் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வரும். காதில் நாலு வார்த்தை சேர்ந்ததும் கால் தானாக எழுந்து குரலை நிறுத்தும். அந்த அமைதியில்தான் மிச்சத்தை அடித்து முடிப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே காலில் ஏறிவிட்ட பழக்கம் அது. கால் எழுந்தால் கட்டளை என்று வாலு கட்டிவைத்திருந்தாள். நானோ ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் காலை எடுத்த பிறகுதான் அடித்திருக்கிறேன். அத்தனையும் ஏவலாகப் போய் அந்தப் பாவப்பட்ட மனுஷியின் வாக்குமூலத்தை வெட்டித் தள்ளியிருக்கிறது. புத்தி போகவில்லை. என் புத்தி போகவே இல்லை! கிறுக்கு மாதிரி சத்தம் போட்டுச் சிரித்தேன். அக்கா கையில் சுற்றிய தட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் வாலு “ஐயோ சித்தி” என்றாள். “குரல் ஓடிக்கிட்டிருக்கும்போதுதான் டைப் அடிப்பீங்கன்னு நெனச்சேன். சாரி சித்தி, சாரி. பெடல்ல இருந்து மோடைக் கழட்டிடவா?”

“கழட்டாத. இடது பக்கத்துல மாட்டு.”

“இடது பக்கமா?”

“நான் எப்ப திருத்துவேன்? சந்தேகம் வந்தா திருத்துவேன். சந்தேகம் வந்தா இடது பக்கத்தை அழுத்திப் பின்னாடி போவேன். அந்த நேரத்துல மட்டும் கட்டளை மோட். மத்த எல்லா நேரமும், கால் கீழ இருந்தாலும் மேல இருந்தாலும் வானத்துல இருந்தாலும், நான் எழுதிக்கிட்டுதான் இருப்பேன்.”

வாலு அங்கிருந்தே அதை மாற்றி முடித்தபோது அக்கா இரண்டாவது பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் சுத்தட்டுமா, வேணாமா?”

“சுத்து, சுத்து. எப்படியும் நீதான் பிரிச்சு வெக்கப்போற.”

பேப்பர் கசங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சூட்சுமம் புரிந்துவிட்டதால் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில் இடது பெடலை அழுத்தியபடியே ஒரு பெயரைத் திருத்தப்போய் அரைப் பக்கத்தைப் பறிகொடுத்தேன். ‘யு’ தட்டி மீட்டேன். மீட்டது போதாமல் இன்னும் தட்டி, நல்லதையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளினேன். ஒரு காதில் ஃபிட்டரின் மனைவி, இன்னொரு காதில் சளி வாத்தியார், இருவரும் ஒரே நேரத்தில் பேச நடுவில் நான். மதியம் சாப்பிடவில்லை. ஒரு இடத்தில் அவள் தேதியைத் தவறாகச் சொல்லி, வக்கீல் கேட்டதும் மாற்றிச் சொன்னாள். அந்த இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இடது பெடலை அழுத்தி, சாய்கோடு போட்டு, தேதியைத் தட்டினேன். எடிட்டர் நேராக அங்கே போய் நின்றது. அம்புக்குறியைத் தேடவில்லை, கழுத்தைச் சாய்க்கவில்லை. வாத்தியார் குரல் அந்த வரியைப் படித்தபோது அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

கடைசிப் பக்கத்தில் வக்கீல் கேட்கிறார், “வேற ஏதாவது சொல்லணுமா?” அவள் பேசவில்லை. பெடலை அழுத்தியபடியே இருந்தேன். நாற்காலி நகர்கிறது, யாரோ இருமுகிறார்கள், அவள் பேசவில்லை. ‘மௌனம்’ என்று போட்டேன். ஃபைலை அனுப்பிவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நிதானம் கூப்பிட்டார். அவர் பேசுவதற்கு முன் விட்ட மூச்சில் என் உயிர் போய்த் திரும்பியது.

“மேடம், ஒரு மௌனம்கூட விட்டுப்போகல. நானே பதிவைப் போட்டுப் பாத்தேன். திங்கக்கிழமை அடுத்த சாட்சி அனுப்பறேன். நிதானமா பண்ணுங்க.”

“சாயங்காலத்துக்குள்ள” என்று நானே சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார். போனை வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவை உள்ளே தாழ்போட்டேன். பிறகு திறந்து, மறுபடியும் தாழ்போட்டேன். அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது.

சும்மா இருக்கக் கை வரவில்லை. பழகுவதற்காக அடித்துவைத்த ஃபைலைத் திறந்து ஒட்டுமொத்தமாக அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன், புதிதாகக் கற்ற வித்தையைக் கொஞ்சம் ஆடிப்பார்க்க ஆசை. எதைத் தேடலாம்? இடது பெடலை அழுத்தி, சாய்கோடு போட்டு, மனதில் முதலில் வந்த வார்த்தையைத் தட்டினேன். மௌனம்.

வாத்தியார் குரல் படித்தது. “ரூமை ஒழிச்சு வெச்சுட்டேன்டி. உன் அத்தான் ஒண்ணும் சொல்லல. அவரு எதுக்குத்தான் என்ன சொல்றாரு. மௌனம்.”

‘என்’ தட்டினேன்.

“டிவி சத்தம் கேக்குதா? யாரும் பாக்கல, சும்மா போட்டு வெச்சிருக்கேன். மௌனம்.”

‘என்.’

“வாலு ஞாயித்துக்கிழமைதான் பேசுவா. மௌனம். இன்னைக்கு என்ன கிழமை?”

‘என்.’

“உனக்கு ஒரு மேஜை வாங்கிட்டேன். கால் வெக்கற இடத்துல குறுக்குக்கட்டை இல்லாததா தேடி அலைஞ்சு வாங்கினேன், உன் பெடலுக்கு. மௌனம்.”

‘என்.’

“அவருக்கு டாக்டர் சொன்ன சாப்பாடு. எனக்கு மட்டும் என்னத்தைச் சமைக்கறது, எதையாவது தின்னுட்டுப் படுத்துடறேன். நீ வந்தா ஒழுங்கா சமைப்பேன். மௌனம்.”

உணர்ச்சியே இல்லாத அந்தக் குரலில் ‘மௌனம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப விழுந்தது. தட்டிக்கொண்டே போனேன். அது முடிந்தபாடில்லை. எல்லாவற்றையும் நானே அடித்திருக்கிறேன், என் காது வழியாகப் போயிருக்கிறது, ஒவ்வொரு மௌனத்தையும் அளந்து அடைப்புக்குறி போட்டிருக்கிறேன். இவள் பரிதாபப்பட்டு என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன். அவள் எனக்காக மட்டும் கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது. ஃபைலை அழிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். இந்த நிமிஷத்துக்காக நான் இரண்டு நாளாக வசனம் எழுதி வைத்திருந்தேன். ‘பிரிச்சு வெய் என் தட்டையெல்லாம்’ என்று ஆரம்பிக்கும். வாயில் வரவில்லை.

“வேலை நின்னுடுச்சு அக்கா. போகல, நிலைச்சு நின்னுடுச்சு. திங்கக்கிழமை அடுத்த ஃபைல் வருது.”

“நல்லதுடி” என்றாள். “ரொம்ப நல்லது. அப்ப நீ வரல.”

“வரல.”

எனக்கு அவள் முகம் தெரிய வேண்டுமென்றால் அவள் தோளைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். அவள் அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு பாத்திரத்தைச் சுத்தியிருக்கலாம்” என்று சொல்லிச் சிரிக்கப்பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “சரி, வேன்காரரைப் போகச் சொல்லிட்டு வரேன். காத்துக்கிட்டிருப்பாரு.”

“இரு. அந்த மேஜை என்ன ஆச்சு?”

“எந்த மேஜை?”

“குறுக்குக்கட்டை இல்லாத மேஜை.”

“அதை உன்கிட்ட சொன்னேனா நான்?”

“சொன்ன. டைப் அடிச்சே வெச்சிருக்கேன். இங்க பாரு, நான் சொல்றதை முழுசா கேளு, நடுவுல அழாத. திங்கக்கிழமையில இருந்து பகல்ல அங்க வந்து வேலை பாக்கறேன். மதியம் ஒழுங்கா சமைச்சுப் போடணும். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துடுவேன். ராத்திரி தங்கு, மழை வருது, அது இதுன்னு ஆரம்பிச்சா மறுநாள் வரமாட்டேன். என் சாவி என்கிட்டதான் இருக்கும்.”

ஒரு மூச்சு போயிற்று. இரண்டாவது மூச்சும் போயிற்று. கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

“உன் பெடல் வயர் எவ்வளவு நீளம்?” என்றாள் அக்கா. “பிளக் பாயின்ட் மேஜையில இருந்து கொஞ்சம் தள்ளி இருக்குடி.”

எனக்குத் தெரியாது என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் கையைவிட்டு வயரை வெளியே இழுத்து, முழம் போட்டு அளக்க ஆரம்பித்தாள்.